தை மாதத்தில் கோஸ் நாற்று விற்க வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

பெரம்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் ஐந்து வீட்டார் சேர்ந்து 13,750 ரூபாயை ஒரு மாடித்தோட்டக்காரரிடம் பறிகொடுத்திருக்கிறோம். வீடு வீடாகச் சென்று அந்தப் பணத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் இதை எழுத வேண்டியவனும் நான்தான். அந்த ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஏமாற்றும் வழியைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம் அவர் வந்தார். கையில் செல்போன், அதில் படங்கள். மொட்டைமாடிப் பையில் கையகலத்துக்குத் திரண்ட முட்டைக்கோஸ், இலையில் பனித்துளி. “90 நாளில் அறுவடை சார், பூச்சிமருந்து இல்லாத கோஸ், உங்கள் வீட்டுக் குழந்தைகள் சாப்பிடலாம்” என்றார். வீட்டுக்கு 2,750 ரூபாய். பத்து வளர்ப்புப் பைகள், மண்ணுக்குப் பதிலாக நிரப்பத் தேங்காய் நார்த்தூளை அழுத்திச் செய்த கோகோபீட் கட்டி, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, பன்னிரண்டு நாற்று, அவரே இரண்டு முறை வந்து பார்த்துக்கொடுப்பார். கடையில் வாங்கும் கோஸில் அடிக்கும் மருந்தைப் பற்றி எல்லோருக்கும் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் அவர் தொட்டார். எனக்கும் இரண்டு பேத்திகள்.

அந்தப் படத்தை நான் பிறகு எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஓரத்தில் பாதி தெரியும் மனிதர் ஸ்வெட்டர் அணிந்திருக்கிறார். சென்னை மொட்டைமாடியில் எடுத்த படமாக அது இருக்க முடியாது. அன்றைக்கு எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

முட்டைக்கோஸ் குளிர்ப்பருவப் பயிர். நடு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று மூடிக் கோஸ் கட்ட வேண்டுமானால் 15 முதல் 20 டிகிரி வரை குளுமை இருப்பது நல்லது. 25 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் இலையை விரித்துக்கொண்டே போகும். கட்டினாலும் அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது செழிப்பதற்குக் காரணம் இதுதான். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில்தான் வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. ஆகவே இங்கே கோஸ் வைக்க விரும்புகிறவர் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விதைத்து, நான்கு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நட்டு, மார்கழி, தைக் குளிரில் கோஸ் கட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாற்றை அழுகவைக்காமல் காப்பதுதான் அதில் பெரும்பாடு. ஜனவரிக் கடைசியில் நாற்று நட்டால் கோஸ் கட்டும் சமயம் ஏப்ரல். அப்போது சென்னை வெயில் 35 டிகிரியில் நிற்கும்.

அந்த மனிதருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்துதான் தையில் வருகிறார்கள். நாற்று நட்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஏமாந்தது தெரியும். அதற்குள் நாற்றை வளர்த்தது நாம், தண்ணீர் ஊற்றியது நாம். குறை சொன்னால், “நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்று ஒரே வாக்கியத்தில் பழியை நம் தலையில் போட்டுவிடலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஜனவரி 26 அன்று சாமான்கள் வந்தன. கோகோபீட்டை ஊறவைத்துப் பைகளில் நிரப்பி, ஐந்து வீட்டுக்குமாக 60 நாற்றுகள் நட்டோம். வீட்டுக்குப் பத்து பை, பன்னிரண்டு நாற்று. கூடுதல் இரண்டும் ஏதாவது இறந்தால் மாற்றி வைக்க. பத்து நாளில் பன்னிரண்டு நாற்றுகள் இலை ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பேறிச் செத்தன. பைகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்தது. போன் செய்தேன். “தண்ணீர் அதிகமாகிவிட்டது சார்” என்றார். குறைத்தோம். இன்னும் வாடியது.

எங்கள் வீட்டுக்கு வாட்டர் பியூரிபையர் பார்க்க வந்த மெக்கானிக்கிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. ஏதோ தோன்றி, மீதியிருந்த கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தச் சாற்றில் வைக்கச் சொன்னேன். 1,870 காட்டியது. அதே பக்கெட்டில் முதலில் ஊற்றிய தண்ணீர் 340. அவ்வளவும் உப்பு. தேங்காய் மட்டையை ஊறவைக்கும் நீரிலிருந்தும் மட்டையிலிருந்தும் வரும் உப்பு நாரில் தங்கியிருக்கும். அதைப் பலமுறை கழுவி விற்க வேண்டும். கழுவாததை விலை குறைத்து வாங்கி, கழுவியது என்று எங்களிடம் தள்ளியிருக்கிறார். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரைக் குறைத்தால் உப்பின் கடுமை கூடத்தான் செய்யும். அவர் சொன்ன யோசனை எங்கள் நாற்றுகளை இன்னும் வேகமாகக் கொன்றது.

மண்புழு உரமும் சந்தேகமாக இருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி வைத்தேன். அடியில் இரண்டு விரல்கடை கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல் படிந்தது. நல்ல மண்புழு உரம் டீத்தூள்போல் குருணையாக, கையில் எடுத்தால் லேசாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். இது ஏரி வண்டலைக் காயவைத்துச் சலித்தது. பைகளோ ஏப்ரல் வெயிலில் ஓரம் நார்நாராகப் பிரிந்துவிட்டன.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நாற்றுகளில் அவர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தரைத்தளத்துப் பெரியம்மாவுக்கு வயது 70-க்கு மேல். கணவரின் ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். காலை ஆறு மணிக்குச் செம்போடு மாடிக்கு வந்துவிடுவார். பிப்ரவரி 20 வாக்கில் ஒருநாள் என்னை அழைத்தார்: “தம்பி, இதைக் கொஞ்சம் வந்து பார். இந்தச் செடியில் தண்ணீர் ஒட்டவில்லை, இதில் ஒட்டுகிறது. இரண்டும் ஒரே செடி என்று எப்படிச் சொன்னார்?” பார்த்தேன். ஒரு செடியின் இலை நீலம் கலந்த பச்சை, மெழுகு பூசியதுபோல். செம்பிலிருந்து விழுந்த நீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. பக்கத்துப் பையில் இருந்த செடியின் இலை வெளிர்பச்சை, ஓரம் கிழிந்தாற்போல் பிளவுகள், தடவினால் சொரசொரவென்று மெல்லிய மயிர். தண்ணீர் அதில் பரவி நனைந்தது. நான்கு நாளில் அந்தச் செடி நடுவிலிருந்து தண்டை நீட்டி நாலிதழ் மஞ்சள் பூவாகப் பூத்தது. கடுகு!

கோஸ், காலிபிளவர், நூக்கல், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். விதையைப் பார்த்து வேறுபாடு காண்பது நம்மைப் போன்றவர்களால் ஆகாத காரியம். எல்லாம் பழுப்பு நிறத்தில் உருண்டைக் கடுகு மாதிரியே இருக்கும். இரண்டு இலை நாற்றும் அப்படித்தான். கோஸ் விதை விலை அதிகம், சமையலறைக் கடுகு விலை குறைவு. ஐந்து வீட்டிலும் கணக்கெடுத்தோம். பிழைத்த 48-இல் 14 கடுகு, 5 நூக்கல், 29 மட்டும் கோஸ்.

போன் செய்தபோது அவர் தயங்கவே இல்லை. “அது பொறிப்பயிர் சார். வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கவர்வதற்காக நாங்களே வைப்போம். வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது” என்றார். பொய்யைவிடப் பாதி உண்மை எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் உணர்ந்தேன். பூச்சி கோஸை விட்டுக் கடுகுக்குப் போகட்டும் என்று, கோஸ் வயலில் கடுகைப் பொறிப்பயிராக வைப்பது உண்மைதான். 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்று பரிந்துரை இருக்கிறது. அந்தக் கடுகை விவசாயி தானாக, தெரிந்து, வரிசையாக விதைக்கிறார். கோஸ் என்று காசு வாங்கிக்கொண்டு கடுகு நாற்றைக் கையில் கொடுப்பதற்குப் பெயர் பொறிப்பயிரா?

மீதியிருந்த 29 செடிகளுக்கு அடுத்த வலை. மார்ச் நடுவில் அவரே வந்து, “கோஸ் கட்டத் தாமதமாகிறது, ஒரு டானிக் அடிக்க வேண்டும்” என்று 600 ரூபாய்க்கு ஒரு பாட்டில் நீட்டினார். பாட்டிலில் பெயரும் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்பதும் இல்லை. இரண்டு வீட்டார் வாங்கினார்கள். வெல்லப்பாகு வாசனை வந்தது. மறுநாள் எறும்பும் வந்தது. வெயிலால் கட்டாத கோஸைக் கட்டவைக்கும் டானிக் எதுவும் கிடையாது. ஏப்ரல் முதல் வாரம் வரை வைத்திருந்தோம். 29-இல் ஒன்றே ஒன்று எலுமிச்சம்பழ அளவுக்கு முடிச்சுப் போட்டது. மற்றவை இலை இலையாக முழங்கால் உயரம் நின்றன. அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

நாற்று என்ன ரகம் என்று நான் ஒருமுறை கேட்டிருந்தேன். “ஹைப்ரிட்” என்றார். அது ரகத்தின் பெயரே அல்ல. வெப்பம் ஓரளவு தாங்கும் ரகங்கள் உண்டு. டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா அகேதி அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் பூசா டிரம்ஹெட் நீண்ட குளிர் கேட்கும். சமவெளி வெயிலில் அது கட்டாது. ரகம் தெரியாமல் கோஸ் வாங்குவது, ஊர் பெயர் பார்க்காமல் பஸ்ஸில் ஏறுவதற்குச் சமம். அதை நான் செய்தேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு. நாற்று விற்பவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர் என்று நினைக்காதீர்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப்பயிர் நாற்றையும் விதை என்றே கொள்கிறது. 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்க உரிமம் வேண்டும். அதை முதலில் கேளுங்கள். விதைப் பொட்டலம் என்றால் அதில் பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன், விற்பவர் முகவரி எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். கோஸ் விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம். ஜிப் கவரில் கொட்டி மார்க்கர் பேனாவால் “கோஸ்” என்று எழுதிக் கொடுத்தால் தொடாதீர்கள்.

பில் வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை, அவர் சொந்த எண்ணுக்குச் செல்போனில் பணம் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தபோது எங்களைக் கேட்ட முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. பணம் அனுப்பிய பதிவு, அவர் வாட்ஸ்அப்பில் எழுதியவை, நாற்று வந்த நாளில் எடுத்த படம் எல்லாம் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எங்களிடம் நாற்று வந்த நாள் படம் ஒன்றுகூட இல்லாமல் போயிருக்கும். மூன்றாம் மாடிக் கல்லூரி மாணவி தன் தங்கைக்கு அனுப்ப எடுத்த நான்கு படங்கள்தான் இன்று புகாரில் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

வீட்டில் கோஸ் வளர்க்க வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கும் காலம் உண்டு. அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். கோகோபீட் எங்கே வாங்கினாலும் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து நீரைக் கொட்டிவிட்டுப் பையில் போடுங்கள். பன்னிரண்டு அங்குலப் பைக்கு ஒரு செடி போதும். நட்ட பத்தாம் நாள் இலையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடாத செடி கோஸ் இல்லை.

பெரியம்மாவின் 2,750 ரூபாயை என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். “ஆணையம் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் தம்பி, நீ ஏன் கொடுக்கிறாய்” என்றார். கடுகுச் செடியை அவர் பிடுங்கிப் போடவில்லை. காய்ந்த நெற்றுகளைத் தாளில் கட்டி, எந்தப் பையிலிருந்து எடுத்தது, எந்தத் தேதி என்று எழுதி, சாட்சியாக இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பொட்டலம் புகார் நகலோடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.