அசாம், நீலகிரி, டார்ஜிலிங்: பாலுக்கு எது, வெறும் டீக்கு எது?

பால் ஊற்றிக் குடிப்பீர்களா, பாலில்லாமல் குடிப்பீர்களா? தேயிலை வாங்குமுன் இதை முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அசாம் சி.டி.சி. (எந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய குருணைத் தேயிலை), நீலகிரி டஸ்ட் (தூள்), நீலகிரி இலைத் தேயிலை, டார்ஜிலிங் முதல் பறிப்பு (ஆண்டின் முதல் தளிர்) ஆகிய நான்கையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்ப்போம்.

சமையல் தராசு ஒன்று அவசியம். கரண்டிக் கணக்கு ஏமாற்றும். ஒரு டீஸ்பூனில் தூள் அடர்ந்து உட்காரும். முறுக்கிய இலை அதே கரண்டியில் எடை குறைவாகத்தான் நிற்கும். பிறகு இலையில் திடமே இல்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. தொழில்முறை ருசிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரமுறை 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. தேயிலையின் குறைகளை வெளியே இழுக்க அது சரி. குடிப்பதற்கு 150 மி.லி.க்கு 2 கிராம் போதும். கோப்பைகள் வெள்ளையாக இருக்கட்டும், நிறம் தெரிய வேண்டும்.

பால் டீக்கு அசாம்தான் முதுகெலும்பு. சி.டி.சி. எந்திரத்தின் பல் உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவதால் சாறு சட்டென்று இறங்கும். இரண்டே நிமிடத்தில் செம்பழுப்பு டிகாஷன் தயார். பாலில்லாமல் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும். பாலிலுள்ள புரதம் அந்தத் துவர்ப்பைக் கட்டிப்போட்டதும் முளைகட்டி வறுத்த தானியம் போன்ற மணம் மேலே வரும். நீலகிரி டஸ்ட்டில் திடம் சற்றுக் குறைவு, மணமும் சுறுசுறுப்பும் கூடுதல். கம்பி வடிகட்டியில் தப்பிய தூள் அடியில் ஊறிக் கசக்கும் என்பதால் துணி வடிகட்டியே நல்லது. இரண்டு பங்கு அசாமுக்கு ஒரு பங்கு நீலகிரி கலந்து பாருங்கள்; தனித்தனியாகப் போடுவதைவிட இதுவே எங்கள் தேர்வு.

இஞ்சி சேர்ப்பதானால் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பாலை ஊற்றுங்கள். பச்சை இஞ்சியிலுள்ள நொதி பாலைத் திரிய வைக்கும். கொதித்தால் அது செயலிழந்துவிடும்.

பாலில்லாத டீக்கு நீலகிரி இலையைத் தைரியமாகப் பரிந்துரைக்கலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பனிக்காலத்தில் தளிர் மெதுவாக வளர்வதால் டிசம்பர், ஜனவரிப் பறிப்பில் பூமணம் தூக்கலாக இருக்கும். கொதித்து அடங்கிய நீரில் 3 முதல் 4 நிமிடம் ஊறட்டும். ஒரு நிமிடம் தவறினாலும் பெரிதாகக் கெடாது. குளிரவைத்தாலும் தெளிவாகவே நிற்கும். திடமான அசாம் டிகாஷன் குளிர்ந்தால் காஃபினும் துவர்ப்புப் பொருள்களும் ஒட்டிக்கொண்டு கலங்கிவிடும். ஐஸ் டீக்கு நீலகிரியை எடுங்கள்.

டார்ஜிலிங் முதல் பறிப்பு, மார்ச் ஏப்ரலில் வருவது, நுட்பமானது. அதே அளவு கோபக்காரத் தேயிலை. கொதிநீர் பட்டால் கசக்கும். அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, 85 முதல் 90 டிகிரியில் ஊற்றி, 3 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பால் சேர்த்தால் கொடுத்த விலை வீண். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரும் இதற்கு ஆகாது: மேலே எண்ணெய்ப் படலம்போல ஆடை கட்டும், வெளிர்பொன் நிறம் மங்கும், மணம் அமுங்கிப்போகும். கடின நீர்தான் கிடைக்கும் வீட்டில் டார்ஜிலிங் வாங்காமல் நீலகிரியோடு நிற்பதே புத்திசாலித்தனம்.

எதையும் முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். மசாலா டப்பா, பெருங்காயம் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும்.