கறுப்பு வெள்ளையா, செப்பியாவா?

கொழும்பு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் படம் பிடிக்கப் போகிறீர்களா? கறுப்பு வெள்ளையில் எடுங்கள். சிவப்புப் பட்டைகள் கடும் சாம்பலாகி, வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று எழும்பும். லென்ஸில் சிவப்பு ஃபில்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள். சிவப்பும் வெளுத்து, பட்டைகளே காணாமல் போய்விடும். அதே ஃபில்டர் காலிமுகத்திடலில் கைகொடுக்கும்: நீலவானம் கறுத்து, வெண்மேகம் திரண்டு தெரியும். வெளிச்சமும் நிழலும் மட்டுமே எவ்வளவு சொல்லும் என்று அறிய, 1944இல் மறைந்த நம் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். எனக்கு அலுக்கவே அலுக்காதவை.

செப்பியா என்ற பழுப்புச் சாயல் வேறு சங்கதி. பழைய ஸ்டூடியோக்களில் அது வெறும் நிறப்பூச்சு அல்ல. அச்சிட்ட படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றும் இரசாயன வேலை. அதனால் படம் லேசில் மங்காது. அப்பப்பா, அப்பம்மாவின் கலியாணப் படத்தில் முகங்களுக்கு உயிர்ச்சூடு தருவதும் அந்தப் பழுப்புதான். கறுப்பு வெள்ளையில் அதே முகங்கள் கொஞ்சம் விறைப்பாகவே தெரியும்.

கைபேசிச் செப்பியாவில் இருப்பது நிறம் மட்டும். அந்த உறுதி இல்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியின் புதிய கண்ணாடிக் கோபுரங்களுக்கு அதைப் பூசிப் பொய்வயது ஏற்றாதீர்கள்.