ஆறு வருடமாக நான் கட்டும் பெரிய கில்ட்

வேலைக்காக ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகருக்கு வந்த இரண்டாம் வருடம் இந்தக் கில்ட்டை, அதாவது அங்கே ஆண்கள் பாவாடை போல இடுப்பில் கட்டும் உடையை, வாங்கினேன். கடைகளில் தொங்கும், மடிப்பு தைத்த சின்ன கில்ட் அல்ல இது. வெறும் கம்பளித் துணி: நாலரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், எடை இரண்டு கிலோவுக்கு மேல். மலைநாட்டுப் பழைய மொழியான கேலிக்கில் ஃபேலே மோர் என்பார்கள். அந்தக் காலத்துத் தறிகள் குறுகலானவை. இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்தால்தான் இந்த அகலம் கிடைக்கும். என்னுடையதிலும் நடுவே அந்தத் தையல் ஓடுகிறது.

கட்டுவது படுத்துக்கொண்டுதான். தரையில் பெல்ட்டை நீட்டி, அதன்மேல் துணியை விரித்து, நடுவில் கொசுவம் வைக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் வயிற்றை மூடும் அளவு மடிக்காமல் விட வேண்டும். கீழ் விளிம்பு முழங்காலுக்கு நேரே வரும்படி மல்லாந்து படுத்து, வலது ஓரத்தை முதலிலும் இடது ஓரத்தை அதன்மேலும் போர்த்தி, பெல்ட்டை இறுக்கி எழ வேண்டும். முதல் மாதம் அரை மணி நேரம் ஆனது, எழுந்து நின்றால் ஒரு பக்கம் தொங்கும். அப்புறம் உட்புறம் சின்ன வளையங்கள் தைத்து ஒரு கயிற்றைக் கோத்துக்கொண்டேன். இப்போது ஏழெட்டு நிமிடம்தான். வளையமும் கயிறும் பழைய முறை அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

இடுப்புக்கு மேலே மிஞ்சும் துணிதான் இதன் அருமை. தோளில் ஒரு ஊசியால் குத்தி நிறுத்தலாம், இடுப்பில் செருகிப் பையாக்கலாம், மழையில் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் இன்வர்னெஸ் பக்கத்துப் பழைய போர்க்களமான குலோடனில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்குப் போனால், திறந்த வெளியில் காற்று அடிக்கும்போது இதன் மதிப்பு புரியும். 1746இல் அங்கே, ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்றப் போரிட்ட ஜேக்கபைட் படை தோற்ற பிறகுதான் மலைநாட்டு ஆண்களுக்கு இந்த உடையே தடையானது. 1782இல் தடையை நீக்கியபோது பெரிய கில்ட்டை அன்றாடம் கட்டும் வழக்கம் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. காருக்குள் உட்கார்ந்து பாருங்கள், ஏன் திரும்பி வரவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய தொல்லை ஈரம். தூறலைக் கம்பளி தாங்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. ஆனால் க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் ஒருநாள் நாலு மணி நேரம் கொட்டிய மழையில், இடுப்பில் ஆட்டுக்கல்லைக் கட்டிய மாதிரி ஆகிவிட்டது. போதாதென்று புது பெல்ட்டின் சாயம் இறங்கி இடுப்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு. அது இன்னும் போகவில்லை. பெல்ட் வாங்கியதும் ஈரத்துணியால் தேய்த்துச் சோதித்துவிடுங்கள்.

நனைந்ததை ஹீட்டர் மேல் போடாதீர்கள். இரண்டு உலர்த்தும் சட்டங்களில் அகலமாகப் பரப்பினால் இரண்டு நாளில் காயும். சேறு காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டினாலே உதிரும். ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் துவைத்தேன்: குளியல் தொட்டியில் குளிர்ந்த நீர், கம்பளிக்கான சோப்பு, பிழியாமல் துண்டுகளில் சுருட்டி அழுத்துவது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் துணி சுருங்கி அட்டையாகிவிடும்.

மூன்றாம் வருடம் அந்துப்பூச்சி வந்தது. லாவெண்டர் பையை நம்பி ஒரு குளிர்காலம் முழுக்க மடித்தே வைத்திருந்தேன், தப்பு என்னுடையதுதான். பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்ததில் புழுக்கள் ஒழிந்தன. மிஞ்சிய மூன்று ஓட்டைகளையும் ஓரக் குஞ்சத்திலிருந்து உருவிய நூலாலேயே இழையோட்டி அடைத்தேன். இரண்டு கொசுவத்துக்குள் மறைந்துவிட்டன. மூன்றாவது இடது தோளில் விழுகிறது, ஊசியை அதன்மேல்தான் குத்துகிறேன்.