மாக்ரோனி சீஸ்: மைதா சாஸா, சுண்டக் காய்ச்சிய பாலா?

ஆறு மாதம் மைதா வெள்ளை சாஸோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது சுண்டக் காய்ச்சிய பாலுக்கு மாறியிருக்கிறேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டுக்கும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 200 கிராம் மாக்ரோனி, அரை லிட்டர் பால், 25 கிராம் சீஸ் க்யூப் நாலு. மாக்ரோனியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வடித்துவிடுங்கள், வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். மொஸரெல்லா வேண்டாம். அது நூல் நூலாக இழுக்குமே தவிர க்ரீமாகாது.

மைதா வழியில் வேகம் உண்டு. இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினால் பத்து நிமிஷத்தில் சாஸ் தயார். க்யூபுக்குப் பதில் செடார் சீஸ் போட்டாலும் அவ்வளவு சீக்கிரம் திரியாது. சூட்டோடு சாப்பிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வம்பே ஆறிய பிறகுதான். காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸில் போட்டால் மகள் திறப்பது பன்னிரண்டரைக்கு. மைதாவின் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பும், ஆறினால் இறுகும். போதாததற்கு மாக்ரோனியும் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒருநாள் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. கவிழ்த்தேன், பாக்ஸின் வடிவத்திலேயே கட்டியாக விழுந்தது. அத்தை பார்த்துவிட்டு, "ஏத்தா, சாப்பிடக் கிண்டுனியா, போஸ்டர் ஒட்டக் கிண்டுனியா?" என்றார்கள். மதுரையில் மைதாப் பசையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் எவாப்பரேட்டட் மில்க் என்று ஒரு டின் வரும். பாலின் தண்ணீரில் சுமார் 60 சதவீதத்தை எடுத்துவிட்ட, சர்க்கரை போடாத பால். (கன்டென்ஸ்டு மில்க் வேறு, அதை ஊற்றினால் பாயசம்தான்.) ஜிகர்தண்டாவுக்குப் பால் சுண்டுகிற ஊரில் டின் எதற்கு? ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு, அகலமான வாணலியில் மிதமான தீ. அரை லிட்டர் ஒரு டம்ளராக வற்ற எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. ஓரத்தில் படியும் ஆடையை வழித்து வழித்து உள்ளே தள்ள வேண்டும். ஜிகர்தண்டாவில் ஆடை திப்பி திப்பியாக வாயில் பட்டால் சந்தோஷம், இங்கே பட்டால் சாஸ் திரிந்த மாதிரி இருக்கும். அதனால் ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. இதையெல்லாம் முந்தின ராத்திரியே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் சூடாக்கி, அடுப்பை அணைத்து, துருவிய சீஸைப் போட்டுக் கலக்கினால் போதும்.

பால் சுண்டும்போது அதன் புரதம் செறிவாகி, சீஸின் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. க்யூப் சீஸ் பதப்படுத்திய சீஸ் என்பதால், குழம்பாக உருக உதவும் உப்புகள் அதிலேயே உண்டு. மைதா இல்லாததால் பசையாவதில்லை. மத்தியானமும் கெட்டிப்படும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்பூன் போட்டால் பிரியும். பாக்ஸை மூடும்முன் வடித்த தண்ணீரை ரெண்டு கரண்டி கூடுதலாக விடுவேன். போடும்போது கொழகொழவென்றுதான் இருக்கும், அது சரியாகிவிடும்.

இதிலும் குறை உண்டு. சுண்டிய பால் லேசாக இனிக்கும், நிறமும் கொஞ்சம் பழுப்படிக்கும். முதல் தடவை வீட்டுக்காரர், "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் மாக்ரோனியைப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். கால் ஸ்பூன் கடுகுத்தூளும் தாராளமாக மிளகும் போட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது. செடாரை இந்தப் பாலில் ஒரே ஒரு தடவைதான் போட்டேன், லேசாக மணல் மணலாக வந்தது. என் சூடு அதிகமா, சீஸே அப்படியா, தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவமில்லை.

பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் இரண்டரை லிட்டர் பாலைச் சுண்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அன்றைக்கு மைதாதான். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு.