பூட்லோடர் வாசிக்கத் தெரிந்த கோப்பு முறைமை எது?

தோட்டத்து வாசிகசாலைக்கு யாரோ கொடுத்த பழைய மடிகணினியில் லினக்ஸ் நிறுவ அமர்பவர், வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கான கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுக்கும் திரையில் வேகத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார். ஆனால் லினக்ஸின் மையமான கேர்னல் எழும்புமுன் வட்டை வாசிக்க வேண்டியது, அதை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட்லோடர். கேர்னலுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குத் தெரியாது.

யூஈஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேர் (கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) உள்ள கணினியில், பூட்லோடர் இருக்கும் இஎஸ்பி பகுதியில் தேர்வுக்கே இடமில்லை, அது ஃபேட்32தான். சிஸ்டம்டி-பூட் என்னும் பூட்லோடர் வழக்கமாக ஃபர்ம்வேர் வாசிப்பதை மட்டுமே நம்புவதால், கேர்னலையும் ஃபேட் பகுதியிலேயே வைக்கச் சொல்லும். கிரப் என்னும் பூட்லோடர் அப்படியன்று, லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் மூன்றையும் தானே வாசிக்கும். ஒப்பீடு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4ஐ கிரப் நன்கு அறியும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தேன். புதிய லைவ் யூஎஸ்பி ஒன்றில் பகுதியை ஃபார்மட் செய்து, பழைய லினக்ஸ் பதிப்பொன்றை அதில் நிறுவியபோது, 'அறியாத கோப்பு முறைமை' என்று சொல்லி கிரப் நின்றுவிட்டது. எக்ஸ்ட்4ஐ ஃபார்மட் செய்யும் கருவித் தொகுப்பான ஈ2எஃப்எஸ்புரோக்ஸின் 2023இல் வந்த 1.47 பதிப்பு, மெட்டாடேட்டா செக்சம் சீட் என்னும் அம்சத்தை இயல்பாகவே இயக்கிவிடுகிறது, கிரப் 2.06க்கு அது புரியாது, 2.12க்குப் புரியும். அதே தொகுப்பின் டியூன்2எஃப்எஸ் கொண்டு அந்த அம்சத்தை அணைத்த பிறகே கணினி எழும்பியது. அன்றிலிருந்து, நிறுவப்போகும் பதிப்பின் கருவியாலேயே ஃபார்மட் செய்கிறேன்.

அடுத்தது மின்தடை. நாட்டுக்கே மின்சாரம் தரும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் கண்ணெதிரே இருந்தாலும், தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருட்டுத்தான்; பழைய மடிகணினியின் பேட்டரியோ ஐந்து நிமிடமும் தாங்காது. எழுதாததை எழுதிவிட்டதாக வட்டு பொய் சொல்லாதவரை, எக்ஸ்ட்4இன் ஜர்னலும் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) பிடிஆர்எஃப்எஸின், பழையதன்மேல் எழுதாமல் நகலெடுத்து எழுதும் முறையும் இதைச் சமாளிக்கும். ஆனால் கிரப் ஜர்னலை ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே கேர்னலைப் புதுப்பித்த கையோடு மின்சாரம் போனால், புதிய கோப்புகள் அதன் கண்ணில் படாமலே போகலாம். எக்ஸ்எஃப்எஸில் இந்தத் தொல்லை பெயர்போனது. அதோடு, பகுதியைப் பின்னர் சுருக்கவும் முடியாது என்பதால், வாசிகசாலைக் கணினிக்கு எக்ஸ்எஃப்எஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடிஆர்எஃப்எஸின் ஈர்ப்பு அதன் ஸ்னாப்ஷாட். புதுப்பிப்பு கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆயினும் 2.12 வரையிலான கிரப் அதில் எழுதாது. விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் வீட்டில், கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வைக்கும் வசதி அதனால் வேலை செய்யாது. இதைத் தவிர்க்க, கேர்னல் இருக்கும் பூட் பகுதியை எக்ஸ்ட்4 ஆகப் பிரித்தால், கேர்னல் ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே போய்விடும். மற்றெல்லாம் இருக்கும் ரூட் பகுதி மட்டும் பின்னோக்கித் திரும்பி, கேர்னல் புதியதாகவே நிற்க, அதற்குரிய மொடியூல்களை (கேர்னலின் துணைநிரல்களை) காணவில்லை என்று கணினி பாதியில் நின்றுவிடக்கூடும்.

பலர் கை படும் வாசிகசாலைக் கணினிக்கு ரூட் பகுதியும் பூட் பகுதியும் எக்ஸ்ட்4 ஆகவே இருக்கட்டும். நல்ல பேட்டரியுள்ள சொந்தக் கணினியில், பூட் பகுதியையும் ரூட்டோடு சேர்த்து பிடிஆர்எஃப்எஸிலேயே வைப்பேன், கிரப் 2.04 முதல் இசட்எஸ்டி முறையில் பிடிஆர்எஃப்எஸ் சுருக்கிவைத்த கோப்புகளையும் வாசிப்பதால் அதில் தடையில்லை.