புதுக்குடியிருப்பில் வாங்கிய 150 ரூபாய் ஸ்ட்ரிப்

ஒட்டுசுட்டானிலும் பாமசி இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கிற பெடியன் இவருடைய சித்தப்பாவின் மகன். அவனிடம் போய் கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் கேட்டால், நான் படலையைத் திறக்குமுன்னே மாமிக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். வாங்கிய பொருளையும் வாங்கிய விதத்தையும் எழுதுகிறேன்.

எனக்கு மாதவிடாய் 29 நாள் கணக்கு, ஒரு நாள் முன்பின். முன்பள்ளியில் தந்த கலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துவிடுவேன். இந்த வைகாசியில் ஒரு புதன்கிழமை வரவேண்டியது. அதற்கு ஐந்து நாள் முன்னம், வெள்ளி பின்னேரம், உள்ளாடையில் சின்னக் கறை. சிவப்பில்லை, தேத்தண்ணி சிந்திக் காய்ந்த மாதிரி. சனிக்கிழமை துடைத்தால் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு நூல். வைத்த பாட் அப்படியே கிடந்தது. கட்டி இல்லை, வழக்கமாக முதல் நாள் என்னைப் படுக்கப் போடும் இடுப்பு உளைவும் இல்லை. ஞாயிறு காலை எல்லாம் நின்றுவிட்டது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிட்டிக்கொண்டிருந்தது. மாமிக்கு அதுதான் யோசனை. “நாள் முந்தி வந்திட்டுது பிள்ளை, முழுகிப்போட்டு கோயிலுக்கு வரலாம்” என்றா. போனில் அம்மா நேர் எதிர்: “சொட்டுச் சொட்டா வந்தா அது கரு ஒட்டுற ரத்தம், பாரம் தூக்காத.” இரண்டு பேரும் கண்ணால் கண்ட மாதிரிச் சொன்னார்கள்.

இரண்டு பேரிலும் முழுப் பிழை இல்லை. முட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள் கரு கருப்பைச் சுவரில் ஒட்டும்போது சிலருக்குக் கொஞ்சம் கசியும். சில மணித்தியாலம், கூடினால் இரண்டு நாள். மாதவிடாய் என்றால் தொடக்கம் எப்படியிருந்தாலும் பிறகு சிவந்து, கூடி, 3 முதல் 7 நாள் வரை போகும். ஆனால் மெதுவாக வெளியேறுகிற இரத்தம் எங்கிருந்து வந்தாலும் மண்ணிறமாகத்தான் மாறும். என் மச்சாளுக்கு ஒவ்வொரு மாதமும் முதல் இரண்டு நாள் இப்படித்தான் மண்ணிறமாக வரும், அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை.

நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒன்பது நாள் பிந்தி, பிறகு கட்டிகட்டியாகப் போனது. மத்தியானத்துக்குள் மூன்று பாட் மாற்றினேன். “பிந்தி வந்தா கூடத்தான் போகும்” என்றார்கள். நானும் வெந்நீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அது பிந்தின நாள்தானா, தங்காமல் போன ஒன்றா என்று இன்றைக்கும் தெரியாது.

சரி, கடைக்கு வருவோம். கண்ணாடி அலுமாரி தெருப் பக்கம், மேற்கு வெயில் நேரே விழுகிறது. இருமல் சிரப்புக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிப் பெட்டி. உறையில் 2 முதல் 30 பாகைக்குள் வைக்கவேண்டும் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். சோளகம் வீசுகிற வைகாசியில் வன்னியில் காலை பத்து மணிக்கே நிழலில் 30 தாண்டும், அந்தக் கண்ணாடிக்குள் எவ்வளவு இருக்கும்! நான் தயங்கிக்கொண்டு நிற்க, முதலாளி எனக்குப் பின்னால் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, “பிரக்னன்சி ஒண்டோ ரெண்டோ?” என்றார். ஒட்டுசுட்டானிலேயே வாங்கியிருக்கலாம். உள்ளே இருக்கிற பெட்டியிலிருந்து தரச் சொன்னேன். முகத்தைச் சுழித்தாலும் எடுத்துத் தந்தார், திகதியும் நல்லதாக இருந்தது. இரண்டு வாங்கினேன், ஒன்று 150 ரூபாய். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இருந்த துண்டில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் செய்தேன்.

முதலாவதை நான் வீணாக்கினேன். திங்கள் பின்னேரம், நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்க, வெயிலுக்கு இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கோடு. மனம் விட்டுப்போய் அதைக் கலண்டருக்குப் பின்னால் செருகினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தால் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு! அன்றிரவு நித்திரை இல்லை. அது ஈரம் காய்ந்து வருகிற கோடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் பார்க்கவேண்டும், பத்து நிமிடம் தாண்டினால் எந்தக் கோட்டையும் கணக்கில் எடுக்கக் கூடாது. கரு ஒட்டிய பிறகுதான் ஸ்ட்ரிப் தேடுகிற எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹோர்மோன் சுரக்கத் தொடங்கும், அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். என் ஸ்ட்ரிப்பின் அளவு மில்லிலீட்டருக்கு 25 மில்லி அலகு. அதற்குக் கீழே இருந்தால் அது வாய் திறக்காது. தண்ணீர் குடித்துச் சலம் தெளிந்திருந்தால் சொல்லவே தேவையில்லை.

புதன் போனது, வியாழன், வெள்ளி போனது. சனி விடிய எழும்பி முதல் சலத்தில் இரண்டாவதை நனைத்தேன். மூன்று நிமிடத்துக்குள் றோஸ் நிறத்தில் இரண்டாம் கோடு. மெல்லிசுதான், ஆனால் நிறம் இருந்தது. இவரை எழுப்பினேன். லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பக்கம் மேல?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ‘முழுகாமல் இருக்கிறா’ என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறா என்று அர்த்தம். நான் ஞாயிற்றுக்கிழமை மாமி சொல்லி முழுகினேன். முழுகியும் முழுகாமல் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்தா. கலியாணம் முடித்த கையோடு எங்களைப் பதிந்து போலிக் அமிலக் குளிசை தந்தவ. இந்தச் சேவைக்கு ஒரு சதம் இல்லை, அந்தக் கடையைவிட நூறு மடங்கு மேல். நிறத்தைப் பற்றி அவ கேட்கவே இல்லை. கடைசியாக முழுகினது எப்போ என்று கேட்கவில்லை, கடைசியாக ஒழுங்காகப் போன மாதத்தின் முதல் நாள் எது என்று கேட்டா. கசிந்த அந்த வெள்ளியை நான் சொல்லியிருந்தால் நாள் கணக்கு மூன்றரைக் கிழமை பிழைத்திருக்கும். அப்புறம் நோவு இருந்ததா என்றா. எட்டுக் கிழமைக்குள் கிளினிக்கில் பதியச் சொன்னா. கர்ப்பமான நாலு பேரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் கொஞ்சமாவது இரத்தம் படும், எல்லாம் கெடுதல் இல்லையாம். “ஆனா பிள்ளை, ஒரு பக்கத்து அடிவயிறு குத்தினாலோ, தோள்முனை நொந்தாலோ, தலை சுத்தி விழப்பார்த்தாலோ, ஒரு மணித்தியாலத்தில ஒரு பாட் நனைஞ்சாலோ, ஸ்ட்ரிப் தேடிக்கொண்டு நிக்காதேங்கோ. 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ.” கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தாலும் ஸ்ட்ரிப் இரண்டு கோடுதான் காட்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்று ஸ்கானில்தான் பார்க்கவேண்டும். ஏழாம் கிழமை பார்த்தோம். இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, துடித்தது.

ஸ்ட்ரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரியான நாளில் சரியாகச் சொன்னது. போன கிழமை மச்சாள் தனக்கும் ஒன்று வேண்டும் என்று காதுக்குள் சொன்னாள். திரும்பவும் அதே கடைக்குப் போனேன். பெட்டி இன்னும் அந்த வெயிலில்தான் இருக்கிறது.