கண்மாய் வரைபடமும் கியூஜிஐஎஸ் லேஅவுட்டும்: அச்சகம் வரை போய் வந்த கதை

மேலூர் பக்கத்துக் கண்மாய்களை எல்லாம் ஒரே தாளில் காட்டும் சுவர் வரைபடம் வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, "ஒரு ராத்திரி வேலைதானே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது. தகவல் சேர்த்த நேரம் போக மிச்சமெல்லாம் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸின் பிரின்ட் லேஅவுட் (அச்சுப் பக்கத்தை அமைக்கும்) ஜன்னலுக்குள்தான் கழிந்தது. அந்த ஜன்னலைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

மென்பொருள் இலவசம், திறந்த மூலம். கன்ட்ரோலோடு பி அழுத்தினால் லேஅவுட் திறக்கும். 2018இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்னால் இதன் பெயர் கம்போசர். பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

திறந்ததும் ஒரு வெள்ளை ஏ4 தாள் படுத்துக் கிடக்கும். எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன்: அதிலேயே வரைபடத்தை வைத்து, குறிவிளக்கம், அளவுகோல், தலைப்பு எல்லாம் அடுக்கி முடித்த பிறகு ஏ2 ஆக்கலாம் என்று நினைத்தேன். தாள் பெரிதானது, மேலே இருந்தவை அப்படியே மூலையில் கிடந்தன. தாளின் அளவும் அச்சகத்துக்கு வேண்டிய ஓரமும் முதலில் முடிவாக வேண்டும். தாள் மேல் வலது கிளிக் செய்தால்தான் பக்க அளவு மாற்றும் இடம் வரும். இது தெரியாமல் மெனு மெனுவாகத் தேடியிருக்கிறேன். வெட்டுவதற்கான ப்ளீட் ஓரத்துக்கு என்று தனியாக ஒரு பெட்டி இருந்திருக்கலாம். நான் பக்கத்தையே 600க்கு 426 மில்லிமீட்டர் என்று வைத்து, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைபடத்தை இழுத்துவிட்டேன்.

அடுத்தது ஸ்கேல், இந்த ஜன்னலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்கேல் பெட்டியில் 50000 என்று தட்டினால் தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர், அவ்வளவுதான். ஏ2 தாளின் அகலம் 59.4 சென்டிமீட்டர், ஆக கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகல நிலம் உள்ளே வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டி மூலையைப் பிடித்து இழுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கையில் இருக்காது. ஆனால் ப்ராஜெக்ஷனை, அதாவது உருண்டை பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். கூகுள் மேப் பாணி வெப் மெர்க்கேட்டரில் விட்டால் மேலூர் இருக்கும் 10 டிகிரி அட்சரேகையில் நீளங்கள் ஒன்றரை சதவீதம் ஊதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஸ்ரீநகருக்கு இதே மாதிரி போட்டால் 20 சதவீதம். நான், பூமியை மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் காட்டும் யுடிஎம் முறையின் 44 வடக்குக்கு மாற்றிக்கொண்டேன். மதுரைக்காரர்களுக்கு ஒரு தகவல்: 44ஆம் மண்டலம் 78 டிகிரி தீர்க்கரேகையில் தொடங்குகிறது, அதாவது மேலூர் 44இல், உசிலம்பட்டி 43இல். ஒரே மாவட்டம்தான், இரண்டு மண்டலம்!

பின்னணிக்கு இணையத்திலிருந்து சதுரத் துண்டுகளாக வரும் டைல் படத்தைப் போட்டால், திரையில் அழகாக இருக்கும் ஊர்ப் பெயர்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தீர்மானத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிடும். தீர்மானம் கூடக் கூட மென்பொருள் இன்னும் நெருக்கமான ஜூம் அளவின் டைல்களை எடுப்பதுதான் காரணம். குவிக்ஓஎஸ்எம் ப்ளக்கின் (கூடுதல் இணைப்பு) வழியாக, பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளையும் நீர்நிலைகளையும் கோடுகளாகவே இறக்கி நாமே வண்ணம் கொடுப்பது நல்லது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நன்றி வரி போடுவது கட்டாயம், ஓரத்தில் சின்னதாகப் போட்டாலும் போதும்.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருவோம், நான் சூடு கண்டது இங்கேதான். பெயர்ப் பட்டியலை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையில் வைத்திருந்தேன். என்கோடிங் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 ஆக இல்லாமல் போனதால் கண்மாய்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள் ஆயின. போதாததற்கு, ஷேப்ஃபைலின் அட்டவணையில் நெடுவரிசையின் தலைப்பு 10 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழில் மூன்று எழுத்துக்கே அது தீர்ந்துவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகைக்கு மாறினேன், இரண்டு தொல்லையும் போனது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் லேபிள்கள் ஒழுங்காக வந்தன.

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளை எழுத்தாகவே வைப்பதா, கோடுகளாக மாற்றுவதா என்று ஒரு கேள்வி வரும். பிழை இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாமே என்று எழுத்தாகவே வைத்துக் கொண்டுபோனேன். அச்சகத்தில் (பெயர் வேண்டாம்) அதை கோரல்டிராவில் திறந்தார்கள். அந்தக் கணினி முழுக்க ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய பாமினி வகை எழுத்துருக்கள், என் ஒருங்குறித் தமிழ் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறியது. "என்ன சார், பாண்ட் கொண்டு வரலையா?" என்றார் அந்தத் தம்பி. வீட்டுக்குத் திரும்பி, எப்போதும் பாத்தாக (அதாவது கோடுகளாக) எடு என்ற தேர்வை வைத்து மறுபடி எடுத்தேன். அதன் பக்கத்திலேயே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று போட்டிருக்கிறது, படித்தால்தானே.

இன்னொரு பொறி, லேயரின் (வரைபடத்தின் ஒவ்வொரு அடுக்கின்) ஒளி ஊடுருவல். லேயர் அளவில் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) குறைத்தாலோ, கீழுள்ள நிறத்தோடு கலக்கும் பிளெண்ட் மோட் போட்டாலோ பிடிஎஃப்பில் அது படமாகத் தட்டையாகிவிடும், கோட்டின் கூர்மை போகும். லேயரைத் தொடாமல் வண்ணத்திலேயே ஒபாசிட்டியைக் குறைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

குறிவிளக்கத்தில் தானாகப் புதுப்பிக்கும் டிக்கை எடுத்தால்தான் பெயர்களைத் தமிழாக்க முடியும். இல்லாவிட்டால் 'கண்மாய்_கடைசி_2' என்றே அச்சாகும். அப்புறம், பின்னால் உள்ள முதன்மை ஜன்னலில் எதையாவது அணைத்தால் லேஅவுட்டிலும் அணைந்துவிடும். லேயர்களைப் பூட்டுங்கள், இல்லை மேப் தீமை (சேமித்து வைத்த லேயர் தேர்வை) பின்பற்றச் சொல்லுங்கள்.

குறை என்றால் எழுத்து அமைப்புதான். நீளமான பத்தி, இரண்டு மூன்று அளவு எழுத்து கலந்த தலைப்பு, இதற்கெல்லாம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நிறமும் அப்படித்தான், நான் எடுத்த கோப்பு ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறமுறை. அச்சு மைக்கான சிஎம்ஒய்கே ஆக்க ஸ்க்ரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளுக்குப் போனேன், கண்மாயின் நீலம் கொஞ்சம் செத்துத்தான் வந்தது. பதிப்பக வேலை செய்கிறவர்கள் வரைபடத்தை இங்கே முடித்து, எழுத்துகளை வேறு மென்பொருளில் வைப்பதே மேல்.

ஆனால் அட்லஸ் வசதிக்காக மட்டுமே ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஊர் எல்லை லேயரைக் காட்டி ஒரே ஒரு ஏ4 லேஅவுட் செய்தால் ஊருக்கு ஒரு பக்கமாகத் தலைப்பை மாற்றி மாற்றி அதுவே அடுக்கிக்கொண்டு போகிறது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோதுதான் கண்மாயின் நீலமும் வயலின் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தன. கண்மாய்க்குள் சாய்கோடு போட்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.